நெளியாத நீலக்கோடு

எங்கள் அலுவலகத்தில் காலையில் வந்ததும் செய்கிற முதல் வேலை, ஒரு பட்டியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, சட்டைக்குள்ளே நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. இலண்டன் குளிரில் அந்த ஈரம் பட்டதும் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கும். பிறகு இடக்கையின் இரண்டு விரல்களில் சிறிய கவ்விகளை மாட்டிக்கொண்டு கதிரையில் போய் இருக்க வேண்டும். இதயம் எப்படி அடிக்கிறது என்பதைப் பட்டியும், விரல் எவ்வளவு வியர்க்கிறது என்பதைக் கவ்விகளும் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வலக்கையால் தேநீர் குடித்தபடி, பொய்க் காசைக்கொண்டு உண்மையான சந்தை விலைக்குப் பங்குகளை வாங்குவதும் விற்பதுமாக நான் பாவனை செய்வேன். இது ஆஸ்பத்திரி அல்ல. எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆனாலும் என் நெஞ்சு துடிக்கிற விதம் அறையின் மறுகோடியில் உள்ள பெரிய திரையில் எல்லோரும் பார்க்க ஓடிக்கொண்டிருக்கும். வந்து இத்தனை வருடமாகியும் அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்தப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கும் அம்மா அயலாரிடம் "மகள் கொம்பியூட்டரில வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். உண்மையில் நாங்கள் செய்வது இதுதான். இங்கே பெரிய வங்கிகளில் நாள் முழுதும் திரைக்கு முன்னால் இருந்து பங்குகளையும் நாணயங்களையும் வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். ஆனாலும் விலை கொஞ்சம் இறங்கினால் பயந்து விற்றுவிடுகிறார்கள். அல்லது தோற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், இறங்க இறங்கப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். தாங்கள் பயந்தது அவர்களுக்கே தெரிவதில்லை. அந்தப் பயத்தை அவர்களுடைய கண்ணுக்குக் காட்டுவதுதான் எங்கள் மென்பொருள். திரையின் மேற்பாதியில் விலையின் கோடு ஓடும். கீழ்ப்பாதியில் உடம்பின் கோடு. உடம்பு அமைதியாக இருந்தால் அந்தக் கோடு நீலமாக நேரே போகும். பதறினால் மேலெழுந்து செம்மஞ்சளாகும். இன்னும் பதறினால் சிவப்பு. கோடுகளை வரைகிற நிரலை எழுதுவது என் பொறுப்பு. வங்கிக்காரர்கள் ஆரம்பத்தில் பட்டி கட்ட மறுத்ததால், பரிசோதனைக்கு நாங்களே மாறி மாறிக் கட்டிக்கொண்டோம். எங்கள் முதலாளி மார்ட்டின் முன்பு பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பித்தவர். நல்ல மனிதர். தன் கோட்டைத் திரையில் போட்டு, "இதோ, மனைவி தொலைபேசி எடுத்தபோது நான்" என்று சிரிப்பார்.

திருகோணமலையில் வளர்ந்த ஒருத்திக்கு இதைவிட விசித்திரமான வேலை அமைந்திருக்க முடியாது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது கை நடுங்கினால் இன்னும் நாலு கேள்வி வரும். ஆகவே கை நடுங்காமல் இருக்கப் பழகினோம். வகுப்பில் பாடம் நடக்கும்போது துறைமுகப் பக்கம் பீரங்கி முழங்கும். யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். வெண்கட்டி பிடித்த கையைக் கீழே இறக்காமல் ஆசிரியை ஒரு கணம் நிற்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து அதே வசனத்தைத் தொடர்வார். பயத்தை ஒளிக்க நாங்கள் எழுத்தோடு சேர்த்துப் படித்தோம். இங்கேயோ, ஒளிந்திருக்கும் பயத்தைத் தேடிப்பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சம்பளம் தருகிறார்கள்.

கோடுகளுக்கு நிறம் தெரிவு செய்த நாளில் மார்ட்டின் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் பண்பாட்டில் பயத்துக்கு என்ன நிறம்?" என்று கேட்டார். யோசிக்காமல் "நீலம்" என்றேன். எங்கள் தெருமுனையில் துவக்கோடு நின்ற படையினரின் நீலச் சீருடைகள்தான் என் நினைவில் வந்தன. அவருடைய முகம் மலர்ந்தது. "ஆமாம், கடலோர மக்கள் அல்லவா! ஆழ்கடல்!" என்று குறிப்பெடுத்துக்கொண்டார். எங்கேயிருந்து திருத்தத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நீலம் என்றால் நிம்மதி" என்று சொல்லி அமைதிக்கே நீலத்தை வைத்துவிட்டார்கள்.

என் உடம்பின் அமைதியை எனக்குப் பழக்கியவள் என் அக்கா கமலா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோது, ஊர் கலைந்து ஓடிய ஒரு நாளில் நானும் அவளும் வீதி மதகுக்குக் கீழே ஒடுங்கியிருந்தோம். முழங்கால் வரைக்கும் அழுக்குத் தண்ணீர். தலைக்கு மேலே படையினரின் சப்பாத்துச் சத்தம் வந்து நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். எனக்குத் தேகம் முழுதும் உதறியது. அக்கா தன் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "மெல்ல விடு. மெல்ல. உன்ர நெஞ்சு அடிக்கிறது எனக்குக் கேக்குது. அவங்களுக்கும் கேக்கும்." நான் அதை அப்படியே நம்பினேன். என் நெஞ்சு பலமாக அடித்தால் அக்கா செத்துப்போவாள் என்று நம்பினேன். அவளுடைய கைக்குக் கீழே அது மெல்ல மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு அக்காவின் குரல் பதறினால் போதும், என் உடம்பு தானாகவே அடங்கிப்போகும்.

அக்கா கடற்குடாவுக்கு அப்பால் உள்ள சம்பூரில் கலியாணம் முடித்தாள். அத்தானின் பெயர் நடேசன். வயலும் மாடுகளும் இருந்தன. சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். மாட்டைக்கூட நாக்கைத் தட்டித்தான் கூப்பிடுவார். நான் கணக்கியலும் கணினியும் படித்துவிட்டு, சமாதானக் காலத்தில் கலியாணமாகி இலண்டனுக்கு வந்தேன். குடாவின் ஒரு கரையில் அம்மா, மறுகரையில் அக்கா, இரண்டும் இல்லாத இடத்தில் நான். இரண்டாயிரத்தாறாம் ஆண்டு அந்தச் சமாதானம் முறியத் தொடங்கியபோது, துறைமுகப் பக்கமிருந்து ஷெல் புறப்படும் சத்தத்தை அம்மா கேட்டார். அது போய் விழும் சத்தத்தை அக்கா கேட்டாள். நான் இரண்டையும் இணையத்தில் வாசித்தேன்.

அந்த வருடம் சித்திரைப் புதுவருசம் கழிந்த கையோடு ஒரு காலை, பட்டியைக் கட்டிக்கொண்டு பாவனை வியாபாரத்தில் இருந்தேன். அக்காவின் எண் கைத்தொலைபேசியில் தெரிந்தது. வழக்கமாக ஒரு மிஸ்ட் கோல் தந்துவிட்டு நான் எடுக்கும்வரை காத்திருப்பாள். அன்று மணி நிற்காமல் அடித்தது. எடுத்தேன். காற்று இரைந்தது. சம்பூரில் கடற்கரைப் பக்கம் போனால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும்.

"வசந்தி, கிபிர் பிளேன் வந்து குண்டு போட்டுட்டுப் போகுது. அங்கால இருந்து ஷெல்லும் வருது. சனம் மூட்டை கட்டுது."

"பிள்ளையள் எங்க?"

"என்னோடதான். அத்தான் மாட்டை விட்டுட்டு வாறதோ எண்டு நிக்கிறார். நீ சொல்லு பிள்ளை, நாங்கள் வெளிக்கிடுறதோ, நிக்கிறதோ? நீ அங்க இன்ரர்நெட்டில எல்லாம் பாக்கிறனி. எங்களுக்கு இஞ்ச ஒண்டும் விளங்கேல்லை."

அவள் மூச்சு வாங்கிய விதத்தில் அழுகை இருந்தது. என் குரல் அதற்குப் பதில் சொன்னது. என் குரல் என்றுதான் சொல்ல வேண்டும்; நான் யோசித்துச் சொன்னதாக நினைவில்லை.

"பதறாதேங்கோ அக்கா. மெல்ல மூச்சு விடுங்கோ. யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழுக்காரர் இருக்கினம். வெளிநாடுகள் பாத்துக்கொண்டிருக்கேக்க பெரிசா ஒண்டும் செய்ய மாட்டாங்கள். ஒருநாள் ரெண்டுநாள் சத்தமாக் கிடக்கும், பிறகு அடங்கிடும். இப்ப றோட்டில இறங்கிறதுதான் ஆபத்து. பங்கருக்குள்ள இருங்கோ."

"அப்ப நிக்கட்டோ?"

"நில்லுங்கோ."

அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒன்று விழுந்தது. தூரத்தில் யாரோ கதவை அடித்துச் சாத்தியதுபோல இருந்தது. "சரி பிள்ளை. உன்ர குரலைக் கேட்டதே காணும்" என்றாள். தொடர்பு அறுந்தது. நான் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலைகள் ஓடின. எதையும் நான் வாசிக்கவில்லை. மார்ட்டின் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாம் சரிதானே?"

"யெஸ். ஃபைன். குடும்பத்திலிருந்து எடுத்தார்கள்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை எடுத்தும் அக்காவின் தொலைபேசி உயிர்க்கவில்லை. நாட்கள் கழித்து யாரோ ஒருவருடைய எண்ணிலிருந்து கதைத்தாள். "நாங்கள் இலங்கைத்துறைப் பக்கம் வந்து ஒரு பள்ளிக்கூடத்தில நிக்கிறம். அத்தானுக்குக் காதில கொஞ்சம் வருத்தம். மற்றும்படி ஒண்டுமில்லை." கடவுளே என்று பெருமூச்சு விட்டு, காதுக்கு விடும் மருந்துத் துளி எங்கேயாவது வாங்கலாமா என்று நான் கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

அதற்கிடையில் அலுவலகத்தில் வேறொன்று நடந்தது. வாரப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ட்டின் திடீரென்று எழுந்து எல்லோரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். திரையில் என்னுடைய அந்தக் காலை விரிந்து கிடந்தது. மேலே விலைக்கோடு செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. நான் வாங்கி வைத்திருந்த பொய்ப் பங்குகள் எல்லாம் கரைந்துகொண்டிருந்தன. கீழே என் உடம்பின் கோடு நீலமாக, நெளியாமல், நேரே போனது. விரல் வியர்க்கவில்லை. இதயம் வேகமெடுக்கவில்லை; இன்னும் ஆறுதலாக அடித்திருந்தது. நீலத்தின் முடிவில் ஒரேயொரு இடத்தில் மட்டும் செம்மஞ்சளாகச் சின்ன மேடு ஒன்று எழுந்து இறங்கியது. "பாருங்கள்" என்றார் மார்ட்டின். "இவ்வளவு நட்டத்துக்கும் அசையவில்லை. தான் தோற்றதை இந்த இடத்தில்தான் கவனிக்கிறார். அதற்கும் ஒரு கணம்தான். இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்லை." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த மேடு எது என்று உடனே தெரிந்தது. அவர் தேநீர்க் கோப்பையோடு வந்து, எல்லாம் சரிதானே என்று கேட்ட இடம். என் அக்கா போகவா நிற்கவா என்று கேட்டபோது அடங்கிக் கிடந்த நெஞ்சு, நான் "ஃபைன்" என்று சொன்னபோதுதான் துள்ளியிருக்கிறது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். என்னுடைய ஆங்கிலம் அவ்வளவு மோசமில்லை. ஆனால் எட்டுப்பேர் சிரித்த முகத்தோடு என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த முகங்களுக்கு நடுவில் சம்பூர் என்ற சொல்லை வைத்தால் முதலில் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்களுடைய முகம் மாறும். பிறகு என்னிடம் மெல்லிய குரலில் கதைப்பார்கள். நான் அதற்கு வெட்கப்பட்டேன். எங்கள் வீட்டுத் துன்பத்தைக் காட்டி ஒருவருடைய சிரிப்பை நிறுத்துவது பிச்சை கேட்பதுபோல எனக்குப் பட்டது. அந்த வெட்கத்துக்குப் பயந்து, அதைவிடப் பெரிய வெட்கத்துக்குள் கால் வைத்தேன். படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். எங்கள் விளம்பரக் கையேட்டின் முகப்பிலும் அதுவே வந்தது. அலுவலகத்தில் என்னுடைய பட்டியின் இலக்கம் ஏழு. ஆகவே படத்தின் கீழே "ட்ரேடர் செவன்" என்று எழுதினார்கள்.

கோடையில் ஒரு வங்கிக்கு மென்பொருளைக் காட்டப் போனோம். அக்கா அப்போது இலங்கைத்துறையிலிருந்தும் வெளிக்கிட்டு, இன்னும் தெற்கே வாகரைப் பக்கம் மரங்களுக்குக் கீழே இருந்தாள். உயரமான கட்டடம், கீழே தேம்ஸ் நதி. மார்ட்டின் என் படத்தைச் சுவரளவுக்குப் போட்டு விளக்கினார். முன்வரிசையில் இருந்த ஓர் இளம் வியாபாரி, கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, "இந்த ஆளின் நரம்புகள் எனக்கு வேண்டும். யார் இவர்?" என்று கேட்டான். மார்ட்டினுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதோ, இங்கேதான் நிற்கிறார்" என்று என்னைக் காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. சேலை கட்டாவிட்டாலும் சேலை கட்டியவள்போல நான் ஒடுங்கி நின்றேன்.

"இரகசியத்தைச் சொல்லுங்கள்" என்றான் அவன். "அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"என் அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அறை சிரிப்பால் நிறைந்தது. "அப்படியானால் உங்கள் அக்காவுக்கு எங்களிடம் வேலை இருக்கிறது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மறுபடி சிரிப்பு. வாழ்க்கையில் ஒருமுறை அந்த ஊரில் உண்மையைச் சொன்னேன். அது ஒரு நல்ல பகிடியாகப் போய்விட்டது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. அவர்கள் அறியாமல் சிரித்தார்கள். நான் அறிந்து சிரித்தேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அக்கா குடும்பம் மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் விடுமுறை கேட்டு நான் போனேன். கணவர் கொழும்பு வரைக்கும் வந்தார். அதற்கு அப்பால் நான் தனியே. பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் நீலமும் வெள்ளையுமாகக் கூடாரங்கள் நெருங்கி நின்றன. ஒரு கூடாரத்தின் கயிற்றில் அடுத்த கூடாரத்தின் சேலை காய்ந்தது. அக்கா மெலிந்து, என்னைவிடச் சின்னவள்போல இருந்தாள். என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளையாப் போனாய்" என்றாள். அப்போது கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு முழக்கம் கேட்டது.

"தங்கச்சி வந்திட்டாவோ!"

அத்தான். சத்தம் போடத் தெரியாத என் அத்தான். நாலு கூடாரத்துக்கு அப்பால் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு காதும் இல்லை" என்றாள். "தன்ர சத்தம் தனக்கே கேக்காது. எவ்வளவு சொன்னாலும் மெல்லக் கதைக்க ஏலாது." காதில் கொஞ்சம் வருத்தம் என்று அவள் சொன்னது இதைத்தான். நான் மருந்துத் துளி வாங்கலாமா என்று கேட்டதும் இதற்குத்தான்.

அத்தான் என்னைத் தகரக் கதிரையில் இருத்திவிட்டு எதிரே பாயில் இருந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. "லண்டனில என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டார், மைதானம் முழுதும் கேட்க. நான் சொன்னேன். அவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆ? பலமாச் சொல்லும். கொஞ்சம் கேக்கும்" என்றார். இன்னும் உயர்த்திச் சொன்னேன். தலையை ஆட்டினார், இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் அடித்தொண்டையால் கத்தினேன்:

"பங்கு வாங்கி விக்கிற ஆக்கள்! அவையள் பயப்பிடுகினமோ எண்டு! மெசினால பாத்துப் படம் கீறுற வேலை!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்தான் முதலில் சிரித்தாள். "பயப்பிடுறதைப் பாக்கவோ, பிள்ளை? அதுக்கு ஏன் லண்டனுக்குப் போனனீங்கள்? இஞ்ச வந்து எங்களுக்குக் கட்டிப் பாத்திருக்கலாமே." எல்லோரும் சிரித்தார்கள். அதில் துளி வஞ்சகம் இல்லை. நெடுநாளைக்குப் பிறகு சிரிக்க ஒன்று கிடைத்த சிரிப்பு. அத்தானும், எதற்கென்று தெரியாமல், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தத் தகரக் கதிரையோடு மண்ணுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

பின்னேரம் அக்காவோடு தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். வரிசை நீளம். வாளிகளை நிலத்தில் வைத்து, நகரும்போது காலால் தள்ளிக்கொண்டு நின்றோம். "அத்தானுக்குக் கத்தினாயே, அந்தப் படம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். என் கைப்பைக்குள் கையேடு கிடந்தது. எதற்காக அதைக் கொண்டு போனேன்? என் வேலை என்னவென்று காட்டலாம் என்றுதான். முகப்பில் இருப்பது எது என்பதை நான் மறந்திருக்கவில்லை; அக்காவுக்கு அது வெறும் கோடு என்று நினைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"வடிவா இருக்குது. இது ஆர்?"

"நான்தான்."

"நீயோ? எப்ப?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் சம்பூரில இருந்து எடுத்த அண்டைக்கு" என்றேன். "அந்த நேரம் இதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தனான்."

அக்கா கையேட்டைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்ல, நான் இரண்டு வாளியையும் தள்ளினேன்.

"இதில நான் எங்க?" என்று கேட்டாள்.

"நீங்கள் இதில இல்லை அக்கா. என்ர நெஞ்சு மட்டும்தான்."

அவள் விரலை நீலக்கோட்டின் மேலே வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். "போறதோ நிக்கிறதோ எண்டு கேட்டது இந்த இடமோ?"

"ஓம்."

"இவ்வளவு நேராக் கிடக்குது." செம்மஞ்சள் மேட்டில் விரல் நின்றது. "இது?"

"முதலாளி வந்து எல்லாம் சரியோ எண்டு கேட்டது. சரி எண்டு சொன்னனான்."

அக்கா கையேட்டை மடித்து என்னிடம் தந்தாள். "அண்டைக்கு உன்ர குரலும் இப்பிடித்தான் நேரா இருந்தது" என்றாள், சோறு வெந்துவிட்டது என்பதுபோல. "கொஞ்சம் நடுங்கியிருந்தா நான் இந்தாளையும் பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு அண்டைக்கே வெளிக்கிட்டிருப்பன். இவ்வளவு ஆறுதலாச் சொல்லுறாள், ஏதோ அறிஞ்சுதான் சொல்லுறாள் எண்டு நிண்டிட்டம். விடிய மாட்டை அவிழ்க்கப் போன இடத்திலதான் இவருக்குப் பக்கத்தில விழுந்தது." பிறகு என் முகத்தைக் கண்டாள். "உன்னைக் குத்திச் சொல்லேல்லை, வசந்தி. நானெல்லோ உன்னைக் கேட்டனான்." எங்கள் முறை வந்துவிட்டது. அவள் குனிந்து வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

இதை வாசிக்கிற பலர் என்னைப்போல வெளியே இருப்பவர்கள். அந்த வருடங்களில் நாம் எல்லோரும் சோபாவில் இருந்துகொண்டு தொலைபேசியில் கட்டளை கொடுத்தோம். வெளிக்கிடுங்கோ, நில்லுங்கோ, கடல்பக்கம் போங்கோ, காட்டுப்பக்கம் போகாதேங்கோ. எங்களுக்கு ஏதோ தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். குரல் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்ததுதான் அந்த நம்பிக்கைக்குக் காரணம், வேறொன்றும் இல்லை. சிலருடைய சொல் காப்பாற்றியிருக்கும். என்னுடையது காப்பாற்றவில்லை. யாரும் என்னை விசாரிக்கப்போவதில்லை. அக்காகூட விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் ஏதாவது பதில் தேடியிருப்பேன்.

இலண்டனுக்குத் திரும்பிய கிழமையே மார்ட்டினிடம் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்து போய் வாசலில் இருந்த படத்தைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்து சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார். அந்தச் செய்கைக்காக அவரை நான் என்றும் மதிப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருக்குள்ளே இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். "ஆபத்தில் சில உடம்புகள் பதறுவதற்குப் பதில் உறைந்துபோகும். நாங்கள் அதை அமைதி என்று வாசித்துவிட்டோம். இது மிக முக்கியம். இதைப்பற்றி எழுதலாமா? உங்கள் அக்காவின் சம்மதத்தோடு?"

"இந்தப் படத்தில் தான் எங்கே என்று அக்கா கேட்டாள்" என்றேன்.

அவர் உற்சாகமானார். "அதைச் சரிசெய்யலாமே! தொலைபேசி வந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டு, குறிப்பு ஒன்று எழுதிவிடலாம்."

அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் நானே அந்தப் பதிவைத் திறந்து, அக்காவின் அழைப்பு வந்த இடத்திலிருந்து அறுந்த இடம்வரை இரண்டு புள்ளிக்கோடுகளை இட்டேன். நடுவில் என்ன எழுதுவது? ஆங்கிலத்தில் எழுத மனம் வரவில்லை. "அக்கா" என்று தமிழில் தட்டினேன். எங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. எழுத்துக்குப் பதிலாக வெற்றுப் பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. தமிழ் எழுத்து வரப்பண்ணும் வழி எனக்குத் தெரியும், அரைநாள் வேலை. செய்யவில்லை. பதிவைச் சேமிக்காமல் மூடினேன். மார்ட்டினிடம் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. கையேட்டில் இப்போது வேறொருவருடைய கோடு இருக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுத ஆசைதான். விடவில்லை. நாளைக் காலையும் பட்டியை நனைத்துக் கட்டிக்கொள்வேன்.

அக்கா குடும்பம் இன்னும் சம்பூருக்குத் திரும்பவில்லை, படையினர் திரும்ப விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பேன். அக்கா கதைத்து முடிந்ததும் அத்தான் தொலைபேசியைப் பறித்துக்கொள்வார். காதில் வைக்கமாட்டார். கன்னத்து எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பாராம். மறுமுனையில் நான் பலமாகக் கத்தினால் எலும்பில் ஒரு அதிர்வு தெரிகிறதாம். சொல் விளங்காது; ஆனால் ஆள் இருப்பது தெரியும். "நீ கத்திக்கொண்டிரு" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "அதில அவருக்கு ஒரு சந்தோசம்."

போன ஞாயிறு நான் பஸ்ஸில் இருந்தேன். மழை. கண்ணாடிகள் எல்லாம் நீராவிப் புகார் படிந்து கிடந்தன. அத்தான் முகாமில் யாருக்கோ கலியாணம் நடந்த கதையை முழங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் பஸ் முழுதும் கேட்டது. நான் கதைக்கத் தொடங்கினேன். முதலில் மெல்ல, பிறகு கத்தி. சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் கண்ணில் பட்டதைக் கத்தினேன். மழை பெய்யுது அத்தான், பஸ் பாலத்தில ஏறுது அத்தான், முன்னால ஒரு நாய் ஈரத்தோட நிக்குது அத்தான். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தன் பையை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்குப் போனாள். ஒரு தகப்பன் தன் குழந்தையை மறுபக்கம் மாற்றி இருத்தினான். சாரதி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். என் முகம் சுட்டது.

"தங்கச்சி, கதைக்கிறீரோ?" என்றார் அத்தான். "ஒண்டும் தெரியேல்லை. லைனில நிக்கிறீரோ?"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிக்கிறன் அத்தான், நிக்கிறன்!" என்று கத்தினேன்.